செம்பறவை என்னும் பெயர் பூண்ட அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இந்தியானா மாநிலத்திலே, வாபாஷ் என்னும் ஊரை அடுத்து, குவேக்கர் சமயத்தார் நடத்திய விடுதிப் பாடசாலை ஒன்று இருந்தது. 1880களின் நடுப்பகுதியில் ஒரு பனிக்காலம். அங்கே தங்கிப் படித்த டக்கோட்டா இனத்துச் சிறுமியர் மூவர், தடையை மறந்து, புதிதாய்ப் பெய்த பனியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தம் உருவம் அதிலே பதிந்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தனர். உடனே விசாரணைக்கு அழைப்பு வந்தது. அவர்களுக்கோ ஆங்கிலம் தெரியாது. இரண்டொரு சொற்களைப் பொறுக்கி வைத்திருந்த ஒருத்தி, அந்த அம்மாள் பேசி நிறுத்தியதும் 'நோ' என்று சொல்லிவிட வேண்டும் என்று மற்றவர்களுக்குப் புத்தி கூறினாள்.

முதலில் உள்ளே அழைக்கப்பட்ட சிறுமியிடம், இனியேனும் சொற்கேட்டு நடப்பாயா என்று அந்த அம்மாள் வினவினாள். சிறுமி தனக்குத் தெரிந்த ஒரே விடையைச் சொன்னாள். அடி விழுந்தது. மீண்டும் வினா, மீண்டும் அதே விடை, மீண்டும் அடி. கடைசியில் அம்மாள் வினாவை மாற்றி, இன்னொருமுறை பனியில் விழுவாயா என்று கேட்டாள். சிறுமி அதே சொல்லை ஓலமிட்டுச் சொன்னாள், அடி நின்றது. நம்முடைய தமிழிலே இல்லை, அன்று, வேண்டாம், மாட்டேன் என்று இடத்துக்கு ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்திலே பெரும்பாலும் 'நோ' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். சொற்கேட்பாயா என்ற வினாவுக்கு அது கலகம். மறுபடி செய்வாயா என்ற வினாவுக்கு அதுவே பணிவு. இந்த நுட்பம் அறியாத குழந்தையின் முதுகிலே அந்த மொழி எழுதப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் உலகறிய எழுதியவர் அம்மூவருள் ஒருவர். பாடசாலைப் பதிவேட்டிலே அவருடைய பெயர் கெர்ட்ரூட் சிமன்ஸ். தாமாக அவர் சூடிக்கொண்ட பெயர் ஸிட்காலா-ஷா. செம்பறவை என்பது அதன் பொருள். தம் தாய்மொழியை மறக்கச் செய்வதற்கென்று புகட்டப்பட்ட ஆங்கிலத்தைக் கொண்டே தம் மக்களுக்காகச் சாட்சி சொன்ன அந்த அம்மையாரைப் பற்றியும், அவ்வாறு சாட்சி சொல்வதற்கு அவர் கொடுத்த விலையைப் பற்றியும் இன்று பேச விரும்புகின்றேன்.

நேயர்களே, நம்மிற் பலர் பாடப் புத்தகங்களிலே 'செவ்விந்தியர்' என்று படித்த மக்கள் தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்டவர் அல்லர். கொலம்பஸ் வழி தவறிய காரணத்தால் அவர்களுக்கு 'இந்தியர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவர்கள் ஒரே இனத்தவரும் அல்லர். தனித்தனி மொழியும் வழக்கமும் கொண்ட நூற்றுக்கணக்கான சமூகத்தினர். வட அமெரிக்கச் சமவெளியிலே வாழ்ந்த டக்கோட்டா மக்களின் ஒரு பிரிவினர் யாங்க்டன் எனப்படுவர். 1858ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்து, மிசூரி ஆற்றங்கரையிலே ஏறக்குறைய 4,30,000 ஏக்கர் பரப்புள்ள ஒதுக்கிடத்துள் அடங்கினர். அந்த ஒதுக்கிடத்திலேதான் 1876 பெப்ரவரி 22ஆம் நாள் இக்குழந்தை பிறந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் லக்கோட்டா, செயேன் வீரர்கள் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் ஜெனரல் கஸ்டரின் படையை அழித்தனர். அதன் பின்னர் அம்மக்கள் மீது அரசாங்கத்தின் பிடி முன்னிலும் பன்மடங்கு இறுகியது.

தகப்பன் வெள்ளையர், குழந்தை பிறக்குமுன்னரே குடும்பத்தை விட்டுப் போய்விட்டவர். தாய் எல்லன் சிமன்ஸ் தனியாகவே பிள்ளைகளை வளர்த்தாள். ஆற்றிலே தண்ணீர் அள்ளுவதும், தாயின் அருகிலிருந்து தோலிலே மணிகோத்துச் சித்திர வேலை பழகுவதும், இராக் காலத்தில் தீயைச் சுற்றியிருந்து முதியோர் சொல்லும் கதைகளைக் கேட்பதுமாக எட்டு வயது வரை கழிந்தது. மணிவேலையிலே கோலத்தை மகளே தெரிவு செய்யட்டும் என்று தாய் விட்டுவிடுவாளாம். ஆனால் தொடங்கிய கோலத்தை முடித்தேயாக வேண்டும் என்பது அவளுடைய விதி. பிள்ளை வளர்ப்பிலே இது சிறிய செய்தியன்று. விதிகளும் மணியோசையுமாகப் பின்னர் வந்த பாடசாலை வாழ்க்கையை அம்மையார் வெறுத்ததற்குக் காரணம், ஒழுங்கே அறியாத வாழ்க்கையிலிருந்து வந்தமை என்று எண்ணிவிடலாகாது. வேறுவகை ஒழுங்கு ஒன்றை அவர் முன்னரே அறிந்திருந்தார்.

1884இலே மிஷன் ஊழியர் இருவர் அவ்விடம் வந்தனர். கிழக்கே பெரிய சிவந்த அப்பிள் பழங்கள் மரந்தோறும் தொங்கும் நாடு உண்டென்றும், புகையிரதத்திலே ஏறி அங்கே போகலாம் என்றும் பிள்ளைகளுக்கு ஆசை காட்டப்பட்டது. அப்பிள் பழத்தை அதுவரை ஒரு சிலவே கண்டிருந்த குழந்தைக்கு அது போதுமாயிருந்தது. தாயோ அந்தப் பேச்சிலே மயங்கினவள் அல்லள். வெள்ளையரின் வாக்குறுதிகளை அவள் முன்னமே அறிவாள். ஆயினும், நாளைக்கு நாடு முழுவதும் அவர்கள் மயமாகும்போது கல்வியறிவு இல்லாத மகள் என்ன செய்வாள் என்ற கவலை வென்றது. பறித்த நிலத்துக்காக அவர்கள் காலந்தாழ்த்தியேனும் செலுத்தும் கடனாகவே அக்கல்வியை எண்ணி அவள் இசைந்தாள். அந்தத் தாயின் கணக்கு தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகெங்கும் வலிமை குன்றிய மக்கள் தம் குழந்தைகளை வலியவரின் பாடசாலைக்கு அனுப்பியது இதே கணக்கின்படிதான்.

பாடசாலையை அடைந்த மறுநாளே கூந்தலைக் கத்தரிக்கும் வேலை தொடங்கியது. டக்கோட்டா மக்களிடையே துக்கம் காப்பவர் கூந்தலைக் குறுக்குவர். பகைவர் கையிலே பிடிபட்ட கோழைகளின் தலையே ஒட்டக் கத்தரிக்கப்படும். இதை அறிந்த குழந்தை மாடி அறை ஒன்றிலே கட்டிலின் அடியில் ஒளிந்துகொண்டது. தேடிப் பிடித்து இழுத்து வந்து, நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, பின்னலைக் கத்தரித்தனர். கதறி அழுத பிள்ளையை மடியிலே எடுத்துத் தேற்ற ஒருவரும் இல்லை. அக்கணத்திலே தாம் மந்தையிலே ஒரு விலங்காகிவிட்டதை உணர்ந்ததாக அவர் எழுதுகின்றார்.

இது ஓர் ஊரிலே இரக்கமற்ற சில ஆசிரியர் செய்த வேலையென்று கொள்வதற்கில்லை. அரசாங்கம் ஏற்று நடத்திய கொள்கை அது. ஃபுளோரிடாவிலே சிறைவைக்கப்பட்டிருந்த சமவெளி வீரர்களுக்குக் காவலதிகாரியாயிருந்த ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் இராணுவ உத்தியோகத்தர், 1879இலே பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் என்னும் ஊரில் ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பிள்ளையினுள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனை மட்டும் காப்பாற்றுவதே தம் நோக்கம் என்ற கருத்தை அவர் 1892இலே மேடையில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். தாய்மொழி பேசத் தடை, புதிய பெயர், புதிய உடை, பகலிலே பாதி நேரம் உடலுழைப்பு. கார்லைலைப் பார்த்து நாடெங்கும் இத்தகைய பாடசாலைகள் எழுந்தன. இதிலே வியப்பு யாதெனில், பிராட்டும் அவரைப் போன்றாரும் தம்மை அம்மக்களின் நண்பர் என்றே நம்பினர். அம்மக்களை முற்றாக ஒழித்துவிட வேண்டும் என்று பேசியோரும் இருந்த காலம் அது. அவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் நண்பர் என்பதும் உண்மையே.

மூன்றாண்டு கழித்து வீடு திரும்பிய சிறுமிக்கு வீடு பொருந்தவில்லை. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளுக்கோ பழைய விளையாட்டும் பேச்சும் அந்நியமாகிவிட்டன. ஏறக்குறைய நான்காண்டு அங்கே தத்தளித்துவிட்டுத் தாமாகவே மீண்டும் பாடசாலைக்குப் போனார். 1895இலே படிப்பு முடிந்தது. தாய் ஊருக்கு வந்துவிடு என்றாள். மகள் அவள் சொல்லை மீறி இந்தியானாவிலுள்ள ஏர்ல்ஹம் கல்லூரியிலே சேர்ந்தார். அடுத்த ஆண்டிலே கல்லூரிகளுக்கிடையே நடந்த மாநிலப் பேச்சுப் போட்டியில், கூடியிருந்த எதிர்க்கட்சி மாணவர் சிலர் அவருடைய இனத்துப் பெண்களை இழித்துக் கூறும் சொல்லை எழுதிய பெரிய கொடியொன்றை விரித்துப் பிடித்தனர். அந்தக் கொடியின் முன்னே நின்று பேசி இரண்டாம் பரிசு பெற்றார். பரிசு பெற்ற இரவிலே தம் அறையிலே தனித்திருந்து, தாயை எண்ணி வருந்தியதைத்தான் அவர் அந்நிகழ்ச்சியின் முடிவாக எழுதியுள்ளார். வெற்றியைக் கொண்டாடுவதற்கு அவருக்கு வீடு இல்லாமற் போயிருந்தது.

1897இலே கார்லைல் பாடசாலையிலேயே ஆசிரியையானார். அங்கிருந்த காலத்தில், புதிய பிள்ளைகளைத் திரட்டி வருமாறு பிராட் அவரை மேற்கே அனுப்பினார். முன்னொரு காலத்தில் அப்பிள் கதை சொல்லித் தம்மை அழைத்துச் சென்றவர்களின் வேலை இப்போது அவருடைய கையிலே வந்து சேர்ந்தது! ஊருக்குப் போய்ப் பார்த்தால், தாயின் குடிசை பழுதாகிக் கிடக்கின்றது. அரசாங்க வேலையிலிருந்த தமையன், தம் மக்களுக்காக நியாயம் கேட்டதனால் வேலையை இழந்து நிற்கின்றான். ஆற்றங்கரை எங்கும் புதிதாகக் குடியேறிய வெள்ளையரின் விளக்குகள் இரவிலே மினுங்குகின்றன. அவற்றை நோக்கித் தாய் கையை நீட்டிச் சபிக்கின்றாள். திரும்பி வந்த ஆசிரியை நெடுநாள் அந்த வேலையிலே நிலைக்கவில்லை. வேலையை விட்டுப் பொஸ்டன் நகருக்குச் சென்று வயலின் பயின்றார், எழுதவும் தொடங்கினார்.

1900 ஜனவரி, பெப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களிலும் 'அத்லாந்திக் மன்த்லி' என்னும் சஞ்சிகையிலே அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. அமெரிக்காவின் கற்றோர் உலகமே மதித்துப் படித்த சஞ்சிகை அது. முதலாவது குழந்தைப் பருவம். இரண்டாவது பாடசாலை நாட்கள். மூன்றாவது ஆசிரியையாக இருந்த அனுபவம். மேலே நான் சொன்ன பனி, கூந்தல், அப்பிள் ஆகிய செய்திகள் யாவும் அவற்றிலே உள்ளவை. அவற்றை வரிக்கு வரி வாழ்க்கைக் குறிப்பென்று கொள்ளாமல், எழுத்தாளர் ஒருவர் தெரிந்தெடுத்து அமைத்த நினைவுகள் என்று கொள்வதே முறை. அவருக்கு முன்னும் அம்மக்களுட் சிலர் தம் வரலாற்றை ஆங்கிலத்திலே சொல்லியதுண்டு. ஆனால் பலருடைய நூல்களில் வெள்ளை மொழிபெயர்ப்பாளரோ பதிப்பாசிரியரோ இடையிலே நின்றனர். இங்கே இடையில் ஒருவரும் இல்லை. அவருடைய ஆங்கிலம் தெளிவும் ஓசையும் பொருந்தியது. ஏளனம் செய்யுமிடத்து மெல்லச் செய்வது. மாணவரின் கையெழுத்தையும் சித்திரங்களையும் பார்த்து மெச்சிவிட்டுத் தம் தருமத்தை எண்ணிப் பூரித்துச் செல்லும் பார்வையாளரை அவர் விவரிக்கும் பகுதி இன்றைக்கும் படிப்போரைச் சுடும்.

கார்லைல் பாடசாலையின் பத்திரிகைக்கு இது பொறுக்கவில்லை. உண்ண உணவும் கல்வியும் அளித்தவர்களை மறந்து, குறைகளை மட்டும் பெரிதாக்கிவிட்டார் என்று அது எழுதியது. நன்றி என்பது இத்தகைய இடங்களிலே வாயை அடைக்கும் துணியாகப் பயன்படுவதுண்டு. அம்மையார் ஓயவில்லை. 1901இலே, முதியோரிடம் கேட்ட இக்டோமி என்னும் தந்திரக்காரச் சிலந்தியின் கதைகளையும் பிறவற்றையும் தொகுத்து 'பழைய இந்தியக் கதைகள்' என்ற பெயரில் வெளியிட்டார். நம் பாட்டிமார் சொல்லும் நரிக் கதைகளுக்கு அந்தச் சிலந்தி தூரத்து உறவு எனலாம். வின்னபேகோ இனத்தைச் சேர்ந்த ஏஞ்சல் டி கோரா என்னும் பெண் ஓவியர் அதற்குப் படம் வரைந்தார். 1902இலே, மிஷனரிகளின் சமயத்தைத் தாம் ஏற்காத காரணத்தை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் யாங்க்டன் இனத்தவரான ரேமண்ட் பொன்னின் என்பவரை மணந்தார்.

இவ்விடத்திலே பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன். ஸிட்காலா-ஷா என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. தமையனின் மனைவியோடு ஏற்பட்ட ஒரு பிணக்கிலே, குடும்பத்தை விட்டுப்போனவளுக்குக் குடும்பப் பெயர் எதற்கு என்ற பேச்சு எழுந்தபோது, அவர் தாமே தெரிந்துகொண்ட பெயர் அது. ஆகவே, பூர்வ குடிப் பண்பாட்டின் குரலாக உலகம் கண்டுகொண்ட அந்தப் பெயரே, தம் வீட்டாரோடு நேர்ந்த பிளவிலே பிறந்தது. ஊரார் கண்ணுக்கு அவர் வெள்ளையர் பக்கம் போனவர். வெள்ளையர் கண்ணுக்கு நன்றி மறந்தவர்.

திருமணத்தின்பின் ஏறக்குறைய பதினான்கு ஆண்டு உடா மாநிலத்திலே, யூட் மக்களின் ஒதுக்கிடத்திலே, கணவரின் அரசாங்க உத்தியோகத்தை ஒட்டி வாழ்ந்தார். ஒரு மகன் பிறந்தான். எழுத்து அனேகமாக நின்றது. அந்நாட்களிலே வில்லியம் ஹான்சன் என்னும் இசை ஆசிரியரோடு சேர்ந்து, சூரிய நடனத்தைப் பொருளாகக் கொண்ட ஓர் இசைநாடகத்தை ஆக்கினார். சூரிய நடனம் என்பது சமவெளி மக்களின் தலையாய சமயச் சடங்கு. 1883 முதல் அரசாங்க விதிகளால் தடைசெய்யப்பட்டிருந்தது. அம்மையார் பழைய மெட்டுகளை வயலினிலே வாசிக்க ஹான்சன் அவற்றை ஸ்வரப்படுத்தினார். 1913 பெப்ரவரியில் வேர்னல் என்னும் சிற்றூரிலே, யூட் மக்களும் பங்குகொள்ள, அது அரங்கேறியது. கோயிலில் விலக்கப்பட்டது மேடையிலே அனுமதிக்கப்பட்டது.

பூர்வ குடிகளே தமக்காகப் பேசுவதற்கென்று 1911இலே தொடங்கிய அமெரிக்க இந்தியர் சங்கத்தின் செயலாளராக 1916இலே தெரிவாகி, அம்மையார் தலைநகரான வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1918, 1919ஆம் ஆண்டுகளிலே அச்சங்கத்தின் சஞ்சிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். முதலாம் உலகப் போரிலே ஆயிரக்கணக்கான பூர்வ குடி இளைஞர் அமெரிக்கக் கொடியின்கீழ் போரிட்டனர். அவருடைய கணவரும் இராணுவத்திலே கப்டனாகப் பணியாற்றினார். அவ்வாறு போரிட்டவருட் பலர் அந்நாட்டின் பிரசைகளாகவே கருதப்படவில்லை. இந்த முரணை அம்மையார் விடாமல் எடுத்துக்காட்டினார்.

இக்காலத்திலே அவர் எடுத்த நிலைப்பாடு ஒன்றை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. பெயோட்டி என்பது தென்மேற்குப் பாலைநிலத்துக் கள்ளி வகை; அதை உண்போருக்கு மயக்கமும் காட்சிகளும் தோன்றும். அதனைத் திருவுணவாகக் கொள்ளும் புதிய வழிபாடு ஒன்று பூர்வ குடிகளிடையே அந்நாளிலே பரவி வந்தது. உடாவிலே அதன் தீமையைக் கண்ணாரக் கண்டதாகக் கூறி, அதைத் தடைசெய்ய வேண்டும் என்று 1918இலே காங்கிரஸ் குழுவின் முன் அம்மையார் சாட்சி சொன்னார். அவருக்கு எதிராக ஜேம்ஸ் மூனி என்னும் வெள்ளை ஆராய்ச்சியாளர் அவ்வழிபாட்டை ஆதரித்துப் பேசினார். மசோதா செனட் சபையிலே நிறைவேறவில்லை. அவ்வழிபாட்டினர் அதே ஆண்டிலே ஒக்லஹோமாவில் ஒரு திருச்சபையாகத் தம்மைப் பதிவுசெய்து கொண்டனர். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய உரிமையை நாடு முழுவதற்கும் உறுதிசெய்தது. மிஷனரிகளின் கட்டாயத்தை எதிர்த்தவரே தம் மக்களுட் சிலரின் வழிபாட்டை அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று கேட்டது எனக்கு உவப்பானதன்று. சூரிய நடனம் தடைப்பட்டதன் வருத்தம் அறிந்தவர் இதையும் அறிந்திருக்கலாம்.

இனி, அவருடைய வாழ்க்கையிலே மிகப் பெரிய பணி என்று நான் கருதுவதற்கு வருகின்றேன். 1887ஆம் ஆண்டுச் சட்டமொன்று பூர்வ குடிகளின் பொதுநிலத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்து, மிஞ்சியதை வெள்ளையருக்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டிலே 13 கோடி 80 இலட்சம் ஏக்கராக இருந்த அவர்களுடைய நிலம் 1934இலே 4 கோடி 80 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. காணி என்றால் என்ன, உறுதி என்றால் என்ன, ஒரு கையொப்பத்தால் ஒரு குடும்பம் எவ்வாறு தெருவுக்கு வரும் என்பதை நம் நாட்டு நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒக்லஹோமாவிலே செரோக்கி, சொக்டோ, சிக்கசோ, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து இனத்தவருக்குக் கிடைத்த பங்குகள் சிலவற்றின் கீழே எண்ணெய் இருப்பது தெரிய வந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களுடைய சிறுவரின் சொத்தை உள்ளூர் நீதிமன்றங்களின் பொறுப்பிலே விட்டது. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் பிள்ளையின் பணத்தை ஆள்வார். அவருக்குக் கூலி, சட்டத்தரணிக்குக் கூலி, கடைக்காரருக்கு இலாபம். எல்லாம் சட்டப்படியே நடந்தன.

1923ஆம் ஆண்டு இறுதியிலே இதை விசாரிக்கச் சென்ற மூவருள் ஒருவர் ஸிட்காலா-ஷா. மற்றை இருவரும் வெள்ளை ஆடவர். அவர்களுடைய அறிக்கை 1924இலே இந்தியர் உரிமைச் சங்கத்தின் பிரசுரமாக, 'ஒக்லஹோமாவின் ஏழைச் செல்வர்கள்' என்று பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தது. அதிலே சொக்டோ இனத்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதை வருகின்றது. தாய்வழியாக வந்த அவளுடைய நிலத்திலே 20 ஏக்கர் எண்ணெய் நிலம். அதன் மதிப்பு 90,000 டொலர். அவளோ மலையடிவாரத்துக் குடிசையிலே பாட்டியுடன், போதிய உணவும் உடையுமின்றி வாழ்ந்தாள். ஒரு கடையிலே மாதம் 15 டொலருக்குப் பண்டம் வாங்கலாம் என்பதே அவளுக்கு அனுமதிக்கப்பட்ட செலவு. அந்த நிலத்தை 2,000 டொலருக்கு விற்கவும் முயற்சி நடந்தது. 1923இலே மருத்துவர் பார்த்தபோது அவள் ஊட்டமின்றி நலிந்து, மலேரியாவும் பீடித்திருந்தாள். சில வாரப் பராமரிப்பிலே தேறி, ஒரு பாடசாலையிலே சேர்க்கப்பட்டாள். பாதுகாவலர் அவளைத் திருப்பிக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். ஒரு மாதம் சென்று, ஆகஸ்ட் மாதத்திலே, அவள் இறந்தாள் என்ற செய்தி வந்தது. நோயுற்ற செய்தியேனும் பாட்டிக்கு முன்னதாக எட்டவில்லை.

அறிக்கையிலே சிறுமியரையும் இளம் பெண்களையும் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு அம்மையாருடையது. ஆடவர் கேட்டிருந்தால் அப்பெண்கள் வாய் திறந்திருக்கமாட்டார்கள். நிலத்தைப் பறிப்பதற்காக இளம்பெண்ணைக் கடத்தி மறைத்து வைத்த கொடுமையையும் அவர் பதிவு செய்கின்றார். அந்தப் பகுதியின் ஆங்கிலத்திலே 1900ஆம் ஆண்டின் ஓசையழகு இல்லை. நாள், தொகை, ஏக்கர், நீதிமன்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றது. இடையிடையே அடக்க முடியாத துயரம் வெளிப்பட்டு மீண்டும் அடங்குகின்றது. அவரை எழுத்தாளராகப் பேசுவோர் எல்லோரும் இந்தப் பிரசுரத்தையும் சேர்த்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் அடி வாங்கிக் கற்ற மொழிக்கு இதைவிடத் தக்க பயன் அவர் கண்டதில்லை.

பலன் உடனே வந்துவிடவில்லை. குற்றவாளிகள் பலர் செல்வாக்குடையோர். ஆயினும் இத்தகைய விசாரணைகளால் எழுந்த கண்டனம் வளர்ந்து, 1928இலே மெரியம் அறிக்கை என்ற விரிவான ஆய்வு வெளிவந்தது. ஒதுக்கிடங்களின் வறுமையையும் விடுதிப் பாடசாலைகளிலே பிள்ளைகள் பட்டினியும் நோயுமாய்க் கிடந்ததையும் அது ஒளிக்காமற் சொன்னது. நிலத்தைப் பங்கு பிரிக்கும் கொள்கை 1934இலே கைவிடப்பட்டது. இதற்கிடையே 1924 ஜூன் 2ஆம் நாள், பூர்வ குடிகள் அனைவரும் அமெரிக்கப் பிரசைகள் என்ற சட்டம் நிறைவேறியிருந்தது. பிரசையானோர் எல்லோரும் வாக்களித்தனர் என்று நினைக்க வேண்டாம். அரிசோனா, நியூ மெக்சிக்கோ மாநிலங்களிலே நீதிமன்றத் தீர்ப்பால் அவ்வுரிமை கிடைத்தது 1948இலே. அம்மையார் பதினான்கு ஆண்டு வாழ்ந்த உடாவிலே ஒதுக்கிடவாசிகளின் வாக்குக்கு இருந்த தடை நீங்கியது 1957இலே.

1926இலே அம்மையாரும் கணவரும் அமெரிக்க இந்தியர் தேசிய சபையை நிறுவினர். அவர் தலைவர், கணவர் செயலாளர். கோடை காலங்களிலே மோட்டார் வண்டியிலே ஒதுக்கிடம் ஒதுக்கிடமாகச் சென்று குறைகேட்டு, குளிர்காலத்திலே வாஷிங்டனில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவர். பணம் இல்லை, சபையின் வேலை அநேகமாக இருவரது கைப்பாடாகவே நடந்தது. 1938 ஜனவரி 26ஆம் நாள் வாஷிங்டனிலே அவர் காலமானார். இராணுவக் கப்டனின் மனைவி என்ற முறையிலே ஆர்லிங்டன் தேசிய மயானத்திலே அடக்கம் நடந்தது. சில மாதங்களின்பின் அவருடைய இசைநாடகம் நியூ யோர்க் நகரிலே மேடையேறியது. ஆக்கியோன் என்று ஹான்சனின் பெயரே விளம்பரப்படுத்தப்பட்டது.

அதன்பின் நெடுங்காலம் அவரைப் பற்றிப் பேசுவோர் அருகினர். 1980களிலே நெபிராஸ்கா பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நூல்களை மீண்டும் அச்சிட்டதோடு நிலைமை மாறியது. விடுதிப் பாடசாலைகளைப் பற்றி அமெரிக்க உள்துறைத் திணைக்களம் நடத்திய விசாரணையின் இறுதி அறிக்கை 2024 ஜூலையிலே வெளிவந்தது. அரசாங்கம் நடத்திய அல்லது ஆதரித்த 417 நிறுவனங்களையும், அங்கே இறந்தோர் எனத் தெரியவந்த 973 பிள்ளைகளையும் அது கணக்கிட்டது. உண்மைத் தொகை இதனிலும் கூடும் என்று அதுவே கூறுகின்றது. அவ்வாண்டு ஒக்ரோபரிலே ஜனாதிபதி ஜோ பைடன் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே 2024இலே வெளியான கால் டொலர் நாணயமொன்றிலே, யாங்க்டன் உடையணிந்து கையிலே புத்தகம் ஏந்திய ஸிட்காலா-ஷாவின் உருவமும், பக்கத்திலே ஒரு செம்பறவையும் பொறிக்கப்பட்டன.

அவருடைய எழுத்தை நேரிலே படிக்க விரும்புவோர் 1900ஆம் ஆண்டின் மூன்று கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். அவை 1921இலே வெளிவந்த 'அமெரிக்க இந்தியக் கதைகள்' என்னும் நூலின் முற்பகுதியிலே சேர்ந்துள்ளன. எளிய ஆங்கிலம், உயர்வகுப்பு மாணவர் ஒரு மாலைப் பொழுதிலே படித்துவிடலாம். படித்தபின், கிடைக்குமாயின், ஒக்லஹோமாப் பிரசுரத்தையும் எடுத்து அந்த ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிய பக்கங்களைப் பாருங்கள்.